எட்டு விநாடி

டீச்சர், அந்தப் பேப்பரை மொதல்ல மடிச்சுப் பைக்குள்ள வையுங்க. வையுங்க, அப்புறம் பேசலாம். நகராட்சிக்கு நூற்றாண்டு மலர் போடுறீங்க, சந்தோஷம். எண்பதுகளுக்குன்னு ரெண்டு பக்கம் ஒதுக்கி, அந்தப் பத்து வருஷத்துல இந்த ஊர்ப் பாட்டுன்னா இவங்கதான்னு மூணே மூணு மெல்லிசைக் குழுவைப் போடப் போறீங்க, அதுவும் சந்தோஷம். ஆனா லிஸ்டுல மொத ஆளா 'மின்னல் பிரதர்ஸ்'னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதைப் பாத்ததும் எனக்கு பிரஷர் ஏறிப்போச்சு.

ரெண்டாவது தேவகானம் குழு. சரி, போகட்டும். அவங்க பக்திப் பாட்டு மட்டும்தான், ஒருத்தரோடயும் சண்டை கிடையாது, போட்டுக்கோங்க. மூணாவது இடத்துல வெறும் கோடு இழுத்து விட்டிருக்கீங்க. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரியுது. நான் கேக்கல. நூற்பாலையில முப்பத்தோரு வருஷம் கிளார்க்கா இருந்தவன், ஒரு புரமோஷனுக்குக்கூட யார் வாசல்லயும் போய் நின்னதில்ல. ஆனா எனக்கு எழுபத்தாறு நடக்குது டீச்சர். அடுத்த நூற்றாண்டு மலருக்கு நான் இருக்கப் போறதில்ல. அந்தக் கோட்டு மேல 'சுருதிமலர் இன்னிசைக் குழு, தலைவர் அக்கார்டியன் வேலாயுதம்'னு வரலேன்னா, இந்த ஊர்ல நான் பதினோரு வருஷம் வாசிச்சதுக்கு அத்தாட்சியே கிடையாது.

காபியைக் குடிங்க, ஆறிடும்.

ஒரு மெல்லிசைக் குழுவுக்கு என்ன வேலைன்னு நெனைக்கிறீங்க? மின்னல் பிரதர்ஸ் மணவாளன்கிட்ட கேட்டா, ஜனங்களைச் சந்தோஷப்படுத்துறதும்பான். அதுக்கு ராட்டினம் போதுமே. பாட்டு நடுவுல டிரம்பெட்டைக் கீழ வெச்சிட்டு 'எல்லாரும் கைதட்டுங்க'ம்பான். நாலரை நிமிஷப் பாட்டை ஒம்போது நிமிஷம் இழுப்பான். யாராச்சும் துண்டுச் சீட்டுல பேரெழுதிக் கொடுத்தா அந்தப் பேரையும் பாட்டுக்குள்ள சொருகுவான். அதுக்கு விசிலடிக்க ஒரு கூட்டம்.

சுருதிமலர்ல அந்தச் சோலியே கிடையாது. ரிக்கார்டுல எப்படி இருக்கோ அப்படி. இம்மி பிசகக் கூடாது. டிரில் வாத்தியாரா இருந்த என் மச்சான்கிட்ட ஒரு ஸ்டாப் வாட்ச் வாங்கி வெச்சிருந்தேன். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவுல வர்ற மியூசிக் பத்தொம்போது விநாடின்னா, நாங்க வாசிச்சாலும் பத்தொம்போதுதான். ஒருத்தரு பாட்டுக்குள்ள இருமுவாரு, அதைக்கூட எங்காளு இருமுவான். சிரிக்காதீங்க. அது பாட்டுலயே இருக்கிற இருமல்.

இப்ப மூணாவது இடத்துக்கு யாரு பொருத்தம்னு நீங்களே சொல்லுங்க. இல்ல, சொல்லாதீங்க. நான் முடிச்சுக்கறேன்.

அந்தக் காலத்துல பாட்டு எப்படி வாங்குவோம்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஒரு தாள்ல பன்னெண்டு பாட்டு எழுதி, காலிக் கேசட்டோட ரிக்கார்டிங் சென்டர்ல கொண்டுபோய்க் கொடுக்கணும். நாலு நாள் கழிச்சு வரச் சொல்வாங்க. அவங்ககிட்ட இருக்கிற இசைத்தட்டை ஓட விட்டு நம்ம கேசட்டுல ஏத்திக் கொடுப்பாங்க. நம்ம ஊருக்கு ஒரே சென்டர்தான், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால மதார் பாய் கடை. ஒவ்வொரு படத்துக்கும் பாய்கிட்ட ஒரே ஒரு தட்டு. அதுல இருந்துதான் டீக்கடைக்கு, கல்யாண மண்டபத்துக்கு, பிரைவேட் பஸ்ஸுக்கு, எங்க குழுவுக்கு, எல்லாத்துக்கும். தீப்பெட்டி ஆபீஸ்ல தீக்குச்சியைக் கட்டையில அடுக்குற பொம்பளைகளுக்கு நாள் பூரா டேப் ஓடணும், இல்லேன்னா கை ஓடாது. அதுவும் மதார் பாய் கேசட்டுதான்.

எண்பத்தஞ்சுல ஒரு படம் வந்துச்சு. பேரு எதுக்கு, நம்ம ஊர்த் தியேட்டர்ல மூணு நாள்கூட ஓடல. ஆனா அதுல ஒரு பாட்டு ஊரையே பிடிச்சுக்கிச்சு. ஒரு பொண்ணு பாடுற பாட்டு. ரெண்டாவது சரணம் இப்படி வரும்:

'மாலை ரெண்டு வாங்கி வெச்சே,
மண்டபமும் பேசி வெச்சே,
ஊரு கூடி வாழ்த்துதய்யா,
உறுமி மேளம் கேக்குதய்யா.'

எப்படி இருக்கு? கல்யாண வீட்டுக்குன்னே செஞ்ச பாட்டு மாதிரி இல்ல? தாலி கட்டி முடிச்சதும் இதைத்தான் போடுவாங்க. அந்த ரெண்டாவது வரிக்கும் மூணாவது வரிக்கும் நடுவுல தாளம் லேசா ஒரு தடுக்குத் தடுக்கும். அரை அடி முன்னால வந்து விழும். எங்க தபேலா குருசாமி அந்தத் தடுக்கலைப் பிடிக்க ஒரு மாசம் பாடுபட்டான். 'அண்ணே, இது எந்தத் தாளத்துலயும் அடங்கல'ன்னு அழாத குறை. நான் விடல. வாட்சைக் கையில வெச்சுக்கிட்டு நின்னேன். கடைசியில பிடிச்சிட்டான். பத்துத் தடவை வாசிச்சாலும் அதே எடத்துல கரெக்டா தடுக்கிட்டுப் போவான்.

அப்ப எங்களுக்குப் பாடின பொண்ணு இமெல்டா. டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல ஆப்பரேட்டர். தூத்துக்குடிப் பொண்ணு, வேலைக்காக இங்க ஹாஸ்டல்ல தங்கியிருந்தா. குரல்னா அது குரல். பொய் சொல்ல மாட்டேன், எங்க குழுவுல அந்தக் குரலுக்குப் பக்கத்துல நிக்க என் அக்கார்டியனே கொஞ்சம் யோசிக்கும்.

ஒருநாள் ரைஸ் மில் மாடியில ஒத்திகை. இமெல்டா வந்து, 'சார், அந்தச் சரணத்துல ரெண்டு வரி விட்டுப்போயிருக்கு'ன்னா. எப்படின்னேன். 'டூட்டியில இருக்கும்போது ரேடியோவுல கேட்டேன். ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டேன்'னா. டிரங்க் கால் சீட்டோட பின்பக்கம் எழுதி வெச்சிருந்தா. பாடியும் காட்டினா:

'என்ன ஒரு வார்த்த கேட்டா
என்ன கொறஞ்சா போயிருக்கும்?'

மாலை வாங்கி வெச்சே, மண்டபம் பேசி வெச்சே, என்ன ஒரு வார்த்த கேட்டா என்ன கொறஞ்சா போயிருக்கும். அதுக்கப்புறம் ஊரு கூடி வாழ்த்துதய்யா. 'இது கல்யாணப் பாட்டே இல்ல சார், அந்தப் பொண்ணு இஷ்டமில்லாத கல்யாணத்துல நின்னு திட்டுறா'ன்னா.

குருசாமி தபேலாவுல இருந்து கையை எடுத்துட்டான். 'அப்படிப் பாடினா தாளம் தடுக்கலண்ணே'ன்னான். எனக்கு எப்படி இருக்கும்? ஒரு மாசம் டீச்சர், ஒரு மாசம்.

நான் ஒரே கேள்விதான் கேட்டேன். 'மதார் பாய் கேசட்டுல இந்த ரெண்டு வரி இருக்கா?' இல்லைன்னா. 'அப்ப இல்ல'ன்னேன். ரேடியோக்காரன் நெனைச்சா ரெண்டு வரி சேப்பான், விளம்பரம் சேப்பான், அவனை நம்பி நாம பாட முடியுமா? தவிர, கல்யாண வீட்டுல பாடுற பாட்டுல பொண்ணு எதுக்குத் திட்டணும்? யாரு கூப்பிடுவா நம்மள?

அவ விடல. அடுத்த ஒத்திகையில வேணும்னே அந்த ரெண்டு வரியைப் பாடினா. எட்டு விநாடி. நான் வாட்சை நிறுத்திட்டேன். எல்லாரையும் வெச்சுக்கிட்டுச் சொன்னேன், 'இமெல்டா, உன்னைப் பாடத்தான் கூப்பிட்டது, யோசிக்கக் கூப்பிடல.' அந்தச் சீட்டை நாலா மடிச்சுப் பைக்குள்ள வெச்சா. செருப்பைப் போட்டா. படியிறங்கிப் போயிட்டா. இதை நீங்க தெளிவாக் குறிச்சுக்கணும்: நான் அவளைப் போகச் சொல்லல. அவளாத்தான் போனா. நேரா மின்னல் பிரதர்ஸ்ல போய்ச் சேந்தா.

அவளுக்குப் பதிலா எங்க அறிவிப்பாளன் சேர்மராஜைப் பாட வெச்சேன். வேட்டி கட்டிக்கிட்டு அச்சு அசலாப் பொண்ணு குரல்ல பாடுவான். கண்ணை மூடிக்கிட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்.

எண்பத்தாறு பங்குனிப் பொங்கல். மாரியம்மன் கோயில் மைதானத்துல போட்டிக் கச்சேரி. உங்களுக்கு அந்த வழக்கம் தெரியாதுல்ல? எதிரும் புதிருமா ரெண்டு மேடை போடுவாங்க. நடுவுல ஜனம். இந்த மேடை ஒரு பாட்டை எடுத்தா, எதிர் மேடை அதே பாட்டைத் திருப்பி வாசிக்கணும். எந்த மேடைக்குக் கைதட்டு ஜாஸ்தியோ அதோட தலைவருக்கு விழாக் கமிட்டி மாலை போடும். சாயங்காலம் ஆறு மணிக்கே மைதானம் ரொம்பிடுச்சு. தீப்பெட்டி ஆபீஸெல்லாம் லீவு.

ஏழாவது பாட்டா நான் அதை எடுத்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன், மறைக்க என்ன இருக்கு? எதிர் மேடையில அவ மஞ்சச் சேலையில நிக்கிறா. சேர்மராஜ் பாடுறான். 'மண்டபமும் பேசி வெச்சே', குருசாமி தடுக்குறான், மைதானத்துல மூவாயிரம் பேரு கைதட்டிக்கிட்டே இருந்தவங்க, அத்தனை பேரும் அதே எடத்துல சேந்து தடுக்குறாங்க! ஒரு ஆளு பிசகல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. எந்த ஊர்ல, எந்தக் குழுவுக்கு அப்படி அமைஞ்சிருக்கு?

அப்புறம் அவங்க முறை. மணவாளன் டிரம்பெட்டை எடுத்தான், இவ பாடினா. பல்லவி முடிஞ்சு மொதச் சரணம் முடியிற வரைக்கும் சத்தமே இல்ல. அப்படியொரு பாட்டு. எனக்கே பயமா இருந்துச்சு, மாலை போச்சுன்னு நெனைச்சேன். ரெண்டாவது சரணம் வந்துச்சு. 'மண்டபமும் பேசி வெச்சே.' ஜனம் வழக்கம்போலத் தடுக்கிட்டு 'ஊரு கூடி'ன்னு கூடப் பாட வாயைத் தொறந்துட்டாங்க. இவ 'என்ன ஒரு வார்த்த கேட்டா'ங்கிறா. கைதட்டு ஒரு பக்கம் ஓடுது, பாட்டு ஒரு பக்கம் ஓடுது. எவனோ 'தப்பு! தப்பு!'ன்னு கத்தினான். தீப்பெட்டி ஆபீஸ் பொம்பளைக முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. ஒரு கிழவி எந்திரிச்சு நின்னு, 'கேசட்டைக் கேட்டுட்டு வந்து பாடு தாயி!'ங்குது. ஒரே ஊளை.

இவ என்ன செஞ்சிருக்கணும்? சமாளிச்சுக்கிட்டு 'ஊரு கூடி'க்குப் போயிருக்கணும். அதான் மேடை தெரிஞ்சவங்க செய்றது. இவ நின்னா. அந்த ரெண்டு வரியை இன்னொரு தடவை பாடினா. முழுசா, நிறுத்தி, ஒவ்வொரு வார்த்தையாப் பாடினா. அப்புறம் மைக்கை ஸ்டாண்டுல மாட்டிட்டு எறங்கிப் போயிட்டா. மீதிப் பாட்டை மணவாளன் டிரம்பெட்லயே ஊதி முடிச்சான். பாவம்.

மாலை எனக்குத்தான் விழுந்துச்சு. பேப்பர்லகூட வந்துச்சு, உள்ளூர்ப் பக்கத்துல ரெண்டு வரி. அடுத்த வாரமே தமிழ் வாத்தியார் ஒருத்தர் பட்டிமன்றத்துல, அந்தத் தாளத் தடுக்கல் மணப்பொண்ணு வாசப்படி தாண்டும்போது கால் தடுக்குறதைக் காட்டுதுன்னு விளக்கம் சொன்னாரு. எனக்கே அப்பத்தான் புரிஞ்சுது.

இமெல்டா மாத்தல் வாங்கிக்கிட்டு ஊரை விட்டுப் போயிட்டா. அந்தக் குரலை அப்புறம் நான் கேக்கல. அது எனக்கு ஒரு குறைதான் டீச்சர், சொல்றதுக்கு வெக்கமில்ல. சில பாட்டு ரேடியோவுல வரும்போது, இதை அவ பாடியிருந்தா எப்படி இருந்திருக்கும்னு நெனைப்பு ஓடும். சேர்மராஜுக்கு மேல் சுதிக்குப் போனா மூச்சு வாங்கும்.

தொண்ணூத்தெட்டுல மதார் பாய் கடையை மூடும்போது என்னைக் கூப்பிட்டு அனுப்பினாரு. அந்தப் பாட்டோட இசைத்தட்டை எடுத்து வெளிச்சத்துல காட்டினாரு. குறுக்கால நகத்தளவு ஒரு கீறல். முள்ளு அங்க வந்தா எகிறிக் குதிச்சு அடுத்த எடத்துல விழுது. 'வேலாயுதம், இது மொத நாளே கை தவறி விழுந்த தட்டு. வேற வாங்க வசதிப்படல. யாரும் கேக்கல, நானும் விட்டுட்டேன்'னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'பாய், இதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க'ன்னேன்.

ஏன்னா, அதனால என்ன ஆச்சு? நல்லா யோசிங்க. நீங்க எழுதப் போறது ரிக்கார்டு கம்பெனி வரலாறா, இந்த ஊர் வரலாறா? இந்த ஊர்ல எண்பதுகள்ல அந்தப் பாட்டு எட்டு விநாடி கம்மி. அதுதான் உண்மை. ஊருல கேட்டது எதுவோ அதை வாசிச்சவன் நான். கேக்காததை வாசிச்சவன் மணவாளன். அப்ப அந்தப் பத்து வருஷத்துக்கு யாரு அடையாளம்?

என் மக கோமதி கல்யாணத்துக்கும் அதைத்தான் வாசிச்சோம். நானே அக்கார்டியன். மணமேடையில அவ அழுத அழுகை இருக்கே! அப்படியொரு ஆனந்தக் கண்ணீர். இப்ப உங்களுக்குக் காபி கொண்டாந்து வெச்சாளே, அவதான். நாலு வருஷமா இங்க எங்க கூடத்தான் இருக்கா. அது வேற கதை, விடுங்க.

என்ன டீச்சர், ஒரு மாதிரி பாக்குறீங்க?

யாரை? இமெல்டாவையா? எப்ப பாத்தீங்க? போன மாசமா? தூத்துக்குடிக்கே போனீங்களா? இதை நீங்க மொதல்லயே சொல்லியிருக்கணுமே, என்னைப் பேச விட்டு வேடிக்கை பாத்துக்கிட்டா இருந்தீங்க? நல்லா இருக்காளா? சரி. சரி. பாடுறாளா? சர்ச்சுலகூடவா பாடுறதில்ல? சரி.

எங்களைப் பத்தி என்ன சொன்னா? இருங்க, பேனா எடுத்துக்கறேன். வார்த்தை மாறாமச் சொல்லுங்க. 'மூணாவது இடத்துக்குச் சுருதிமலரையே போடுங்க.' அவளா சொன்னா? அவ வாயால சொன்னா? மேல சொல்லுங்க. 'அந்தப் பத்து வருஷத்துல இந்த ஊர் எப்படிக் கேட்டுச்சுன்னு தெரியணும்னா அவங்கதான் சரி. ஊருக்கு எது காதுல விழலையோ, அது அவங்க காதுலயும் விழல.'

பாத்தீங்களா? பாத்தீங்களா டீச்சர்! முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு ஒத்துக்கிட்டா! ஊரு வேற, நாங்க வேற இல்லைங்கிறா. இதைவிட ஒரு கலைஞனை எப்படிப் பாராட்ட முடியும்? இதை அப்படியே போடுங்க, கட்டம் கட்டிப் போடுங்க. கோமதி! இங்க வந்து கேளு, இமெல்டா அத்தை என்ன சொல்லியிருக்கான்னு. வரமாட்டா, அடுப்புல ஏதோ வெச்சிருப்பா.

போட்டோ இல்லாமப் போடக் கூடாது. இந்தாங்க, இது ஒண்ணுதான் எல்லாரும் சேந்து நிக்கிறது. ஏழு பேரு. இடமிருந்து வலமா எழுதிக்கோங்க. பாங்கோ சண்முகவேல், டிரம்ஸ் அந்தோணி, தபேலா குருசாமி, நாலாவது இமெல்டா, அஞ்சாவது சேர்மராஜ், ஆறாவது பேஸ் கிட்டார் ரத்தினவேல், ஏழாவது...

என்னது? இமெல்டாவா? தன் பேரைப் போடக் கூடாதுன்னு எழுதியே கொடுத்திருக்காளா? மின்னல் பிரதர்ஸ்லயும் கூடாதா? காரணம் எதுவும் சொல்லலையா?

அதெப்படி, நட்ட நடுவுல நிக்கிற பொண்ணுக்குப் பேர் இல்லேன்னா, பாக்குறவன் யாரு இது, ஏன் விட்டாங்கன்னு கேக்க மாட்டானா? அப்புறம் பழைய கதையெல்லாம் தோண்டுவான். இருங்க, ஒரு வழி இருக்கு. எடத்தை விடாதீங்க. குருசாமிக்கு அடுத்து நேரா சேர்மராஜுன்னு போட்டுக்கிட்டே போயிடுங்க. சேலைக்கு நேரா சேர்மராஜ் பேரு வரும், வரட்டுமே, பாடினது பொண்ணு குரல்தானே. இந்த ஊர்ல எவனும் எண்ணிப் பாக்க மாட்டான். எழுதுங்க. சண்முகவேல், அந்தோணி, குருசாமி, சேர்மராஜ், ரத்தினவேல், அக்கார்டியன் வேலாயுதம். முடிஞ்சுது.

இல்லையே. பொறுங்க.

ஆறு பேருதான் வந்திருக்கு. வேலாயுதம்கிற பேரு ரத்தினவேலுக்கு நேரால்ல நிக்குது. கடைசியில அக்கார்டியனோட ஒருத்தன் நிக்கிறான், அவனுக்குப் பேரே இல்ல.

அது நான் டீச்சர்.

எப்படிப் போட்டாலும் யாராச்சும் ஒருத்தருக்கு இல்லாமப் போகுது. நடுவுல விட்டா ஊரு கேக்கும், கடைசியில விட்டா நான் போயிடுறேன்.

அவ நம்பர் உங்ககிட்ட இருக்குல்ல? போடுங்க, இப்பவே போடுங்க. போட்டுட்டு என்கிட்ட கொடுங்க. நான் பேசுறேன். என்னத்தைப் பேசுறது, அவ பேரைப் போட்டுக்கலாமான்னு ஒரு வார்த்த கேக்கணும், அவ்வளவுதான்.

அடிக்குதா?